எந்த சேஃப்டி வால்வு எங்கே பொருந்தும்

பாய்லர் ஹெட்டரில் 10 பார் நீராவி. அதை 3.5 பாருக்குக் குறைத்துத் துணி உலர்த்தும் சிலிண்டருக்குக் கொடுக்கிறோம். சிலிண்டர் 5 பார்தான் தாங்கும் என்று அதன் தகட்டிலேயே அடித்திருக்கிறது. லைன் புதிதாகப் போட்டபோது உள்ளே தங்கிய வெல்டிங் துணுக்கு ஒன்று குறைப்பு வால்வின் சீட்டில் (வால்வு வந்து பொருந்தி மூடும் இடத்தில்) சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வால்வு மூடவில்லை. சிலிண்டரும் அன்று ஓடவில்லை, அதனால் நீராவி எங்கும் செலவாகவில்லை. சிறிது நேரத்தில் 5 பார் சிலிண்டருக்குள் 10 பார் வந்து உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்க அங்கே இருப்பது சிலிண்டருக்கு முன்னால் நிற்கும் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றும் சேஃப்டி வால்வு மட்டும்தான்.

பேச்சில் வரும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஆலைகளில் பெரும்பாலும் 'பிஆர்வி' என்றால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. வெளிநாட்டு வரைபடங்களில் அதே மூன்றெழுத்து அழுத்தத்தை வெளியேற்றும் வால்வைக் குறிக்கும். பர்ச்சேஸ் ஆர்டரில் வெறும் 'பிஆர்வி' என்று எழுதி, தவறான பொருள் வந்து இறங்குவது நடக்கக்கூடியதுதான். முழுப் பெயரை எழுதுங்கள்.

வெளியேற்றும் சாதனங்களில் சந்தையில் நான்கு வகைதான் முக்கியம்: சாதாரண ஸ்பிரிங் வால்வு, பெல்லோஸ் வைத்த ஸ்பிரிங் வால்வு, பைலட் வால்வு, ரப்ச்சர் டிஸ்க். எதை வாங்குவது என்பதை மூன்று கேள்விகள் முடிவுசெய்துவிடும். ஓடும் அழுத்தம் செட் அழுத்தத்துக்கு (வால்வு திறக்க வேண்டும் என்று வைத்த அழுத்தத்துக்கு) எவ்வளவு நெருக்கம்? உள்ளே இருப்பது எவ்வளவு சுத்தமான பொருள்? வெளியேற்றும் குழாய் எங்கே போய் முடிகிறது? விலையும் பிராண்டும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகத்தான் இருக்கிறது. 'லைன் இரண்டு இன்ச், ஆகவே இரண்டு இன்ச் வால்வு' என்பது பல ஸ்டோர்களில் எழுதாத விதி.

அளவு எப்படி வருகிறது

வகையைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பார்த்துவிட வேண்டும். அளவு தவறினால் எந்த வகையும் காப்பாற்றாது. மேலே சொன்ன சிலிண்டரையே எடுத்துக்கொள்வோம். ரிலீஃப் வால்வு வெளியேற்ற வேண்டிய அளவு சிலிண்டரின் தினசரிச் செலவு அல்ல. குறைப்பு வால்வு முழுதாகத் திறந்து நின்றால் அதன் வழியே எவ்வளவு வரும் என்பதுதான் கணக்கு.

குறைப்பு வால்வின் கேவி எண் (முழுதாகத் திறந்தால் எவ்வளவு பாயவிடும் என்று காட்டும் எண்) 10 என்று இருக்கட்டும். முன்னழுத்தம் 10 பார் கேஜ், அதாவது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து முழு அழுத்தமாக 11 பார். பின்னால் அழுத்தம் பாதியளவுக்கு இறங்கும்போது நீராவிப் பாய்ச்சல் உச்சத்தைத் தொட்டுவிடும். அப்போது 12 × கேவி × முன்னழுத்தம் என்ற கைக்கணக்கு போதும்: 12 × 10 × 11 = 1320 கிலோ, ஒரு மணிக்கு.

ரிலீஃப் வால்வை 5 பாரில் செட் செய்கிறோம். ஒற்றை வால்வு திறந்திருக்கும்போது அழுத்தம் அனுமதி அழுத்தத்துக்கு மேல் ஏற ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதி) பிரிவு 8 தரும் சலுகை 10 சதவீதம். ஆகவே 5.5 பாருக்குள் இந்த 1320 கிலோவும் வெளியேறியாக வேண்டும். முழு அழுத்தமாக அது 651 கிலோபாஸ்கல். ஏபிஐ 520 (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத் தரநிலை) தரும் நீராவிச் சூத்திரத்தில் 190.5 × 1320 ÷ (651 × 0.975) என்று போட்டால் 396 சதுர மி.மீ. துளை தேவை என்று வரும். ஏபிஐ 526 துளைகளுக்கு டி (D) முதல் டீ (T) வரை 14 ஆங்கில எழுத்துகளைக் கொடுத்திருக்கிறது. அதில் 'ஜி' 325 சதுர மி.மீ., அடுத்த 'எச்' 506. ஜி போதாது, எச் வாங்க வேண்டும். ஃபிளாஞ்சில் பார்த்தால் இரண்டுக்குமே நுழைவு ஒன்றரை இன்ச்தான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. உள்ளே இருக்கும் துளையோ ஒன்றரை மடங்கு பெரியது. 'ஒன்றரை இன்ச் சேஃப்டி வால்வு' என்று மட்டும் எழுதி ஆர்டர் போட்டால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரியும். இந்தக் கணக்கு முதல் தேர்வுக்கு மட்டும். கடைசியில் தயாரிப்பாளரின் சான்றளிக்கப்பட்ட கொள்ளளவு 1320 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேவைக்கு மிஞ்சிய பெரிய வால்வும் ஆபத்து. வால்வு திறந்த நொடியில் அழுத்தம் சரிந்துவிடும், மூடும், மறுபடி ஏறும், திறக்கும். கொள்ளளவில் கால்பங்குக்கும் குறைவான பாய்ச்சல் வந்தால் ஸ்பிரிங் வால்வு இப்படித் துடிக்கத் தொடங்கும். சில சமயம் நிறைய, சில சமயம் கொஞ்சம் என்று வெளியேற்ற வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வால்வை விட இரண்டு சிறிய வால்வுகள் நல்லது. முதலாவதைக் கலத்தின் அனுமதி அழுத்தத்தில் செட் செய்யலாம், அடுத்ததை அதன் 105 சதவீதம் வரை வைக்கலாம்.

ஸ்பிரிங் வால்வு: முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்

உள்ளே நாஸில் (நீராவி ஏறி வரும் வாய்), அதன் மேல் டிஸ்க் (மூடித் தட்டு), டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், சுற்றிலும் ப்ளோடவுன் ரிங் (எந்த அழுத்தத்தில் மூடும் என்பதைச் சரிசெய்யும் வளையம்). அழுத்தம் செட்டைத் தொட்டதும் டிஸ்க் மயிரிழை தூக்கும். கசியும் நீராவி டிஸ்க்கின் அகன்ற ஓரத்தில் மோதி, இன்னும் பெரிய பரப்பில் மேல்நோக்கித் தள்ளும். அதனால்தான் 'பாப்' என்று ஒரே வீச்சில் முழுதாகத் திறக்கிறது. மூடும்போதும் அதே அகன்ற பரப்பு தடுப்பதால், செட்டை விடக் கீழே இறங்கித்தான் மூடும். வழக்கமாக 7 முதல் 10 சதவீதம். 5 பாரில் திறந்தது 4.5 முதல் 4.65 பாரில் மூடும்.

இதிலிருந்து முதல் கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஓடும் அழுத்தம் செட்டில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஸ்பிரிங் வால்வு. நம் சிலிண்டர் 3.5 பாரில் ஓடுகிறது, 70 சதவீதம். யோசிக்கவே வேண்டாம்.

சிக்கல் பிறகுதான் தொடங்கும். உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று குறைப்பு வால்வின் திருகைத் திருப்பி 3.5 ஐ 4.6 ஆக்குவார்கள். வால்வு முணுமுணுக்கத் தொடங்கும். மெல்லிய நீராவிக் கீற்று உலோக சீட்டைக் கம்பியால் அறுத்தது போலக் கோடு போட்டுவிடும். ஒருமுறை கோடு விழுந்தால் அழுத்தம் இறங்கினாலும் கசிவு நிற்காது. கசிவை நிறுத்த ஒருவர் மேல் திருகை இறுக்குவார். செட் 6 பாருக்குப் போய்விடும். சீல் கம்பி அறுந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சீட்டைத் தேய்த்துச் சமன் செய்வதுதான் கசிவுக்கு மருந்து.

நீராவி, காற்று, 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீர் ஆகிய மூன்றுக்கும் கையால் தூக்கும் லீவர் உள்ள வால்வையே கேளுங்கள். லீவரை இழுக்கும்போது உள்ளே செட்டில் குறைந்தது 75 சதவீத அழுத்தம் இருக்க வேண்டும். அழுத்தமே இல்லாமல் இழுத்துவிட்டால் டிஸ்க் தூசியோடு சீட்டில் விழுந்து அறையும். பாய்லரில் இன்னொரு கட்டாயமும் உண்டு: பாய்லருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் எந்த ஸ்டாப் வால்வும் இருக்கக் கூடாது.

ரிலீஃப் வால்வால் ஆகாத ஒன்றும் அதே சிலிண்டரில் இருக்கிறது. நீராவியை நிறுத்தியதும் உள்ளே இருப்பது குளிர்ந்து நீராகி வெற்றிடம் உண்டாகும். மெல்லிய தகட்டுச் சிலிண்டர் உள்வாங்கி நசுங்கிவிடும். அதற்கு வேக்குவம் பிரேக்கர் தனியாக வேண்டும்.

வெளியே குழாய் நீண்டால் பெல்லோஸ்

சாதாரண ஸ்பிரிங் வால்வின் பலவீனம் அதன் முதுகில் இருக்கிறது. வெளியேற்றும் பக்கத்தில் அழுத்தம் இருந்தால் அது டிஸ்க்கின் பின்புறம் உட்கார்ந்து ஸ்பிரிங்கோடு சேர்ந்து அழுத்தும். 10 பார் செட் வால்வு ஒன்று ஃபிளேர் ஹெட்டரோடு (வெளியேறும் வாயுவை எரிக்கக் கொண்டுபோகும் பொதுக் குழாயோடு) இணைந்திருக்கிறது, ஹெட்டரில் எப்போதும் 2 பார் நிலையாக இருக்கிறது என்றால் கவலையில்லை. சோதனை பெஞ்சில் 8 பாரில் செட் செய்து மாட்டினால் லைனில் சரியாக 10 பாரில் திறக்கும். ஆனால் ஹெட்டர் அழுத்தம் 0 முதல் 2 வரை ஆடுமானால், அதே வால்வு ஒருநாள் 8 இலும் மறுநாள் 10 இலும் திறக்கும். பெஞ்சில் 10 என்று வைத்தால் 12 வரை திறக்காமல் நிற்கும்.

திறந்த பிறகு தன் பாய்ச்சலாலேயே குழாயில் உண்டாகும் பின்னழுத்தம் வேறு. சாதாரண வால்வுக்கு இது செட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 பார் செட்டுக்கு 1 பார். நீண்ட குழாய், நான்கு எல்போ, பொது ஹெட்டர் என்று போனால் இந்த 1 பார் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பெல்லோஸ் வால்வு இதை எளிமையாகத் தீர்க்கிறது. டிஸ்க்கின் பின்புறத்தில் சீட்டின் பரப்புக்குச் சமமான பரப்பை ஒரு மடிப்புக் குழல் மூடிவிடுகிறது. பின்னழுத்தம் அந்த இடத்தைத் தொட முடியாது. ஆகவே செட் மாறாது. செட்டில் 30 சதவீதம் வரை பின்னழுத்தத்தைப் பொதுவாகக் கொள்ளளவுக் குறைப்பு இல்லாமலே தாங்கும். 50 வரை போகலாம், ஆனால் கொள்ளளவைத் திருத்தக் காரணியால் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். அரிக்கும் பொருள் ஸ்பிரிங்கைத் தொடாமல் காப்பது கூடுதல் லாபம்.

இந்த வகையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுதான், அது கொடியது. பெல்லோஸ் வால்வின் பானட்டில் (ஸ்பிரிங்கை மூடும் மேல் உறையில்) ஒரு சிறிய துளை இருக்கும். அது திறந்திருக்க வேண்டும். பானட் உள்ளே வளிமண்டல அழுத்தம் இருப்பதால்தான் பெல்லோஸ் வேலை செய்கிறது. வால்வை அனுப்பும்போது தூசி போகாமல் பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புவார்கள். மாட்டுகிறவர் மூடியைக் கழற்றுவதற்குப் பதிலாக, 'ஓட்டையாக இருக்கிறதே' என்று இரும்பு பிளக்கைப் போட்டு இறுக்கிவிடுவார். பெல்லோஸ் என்றைக்காவது கீறல் விட்டால் பின்னழுத்தம் பானட்டுக்குள் சிறைப்படும், வால்வு செட்டில் திறக்காது. துளை திறந்திருந்தால் அங்கே வரும் கசிவு பெல்லோஸ் போய்விட்டது என்று சொல்லிவிடும். நச்சுப் பொருள் என்றால் துளையைக் குழாய் வைத்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம். அடைக்கக் கூடாது.

சாதாரண வால்வை விட விலை அதிகம், பெல்லோஸ் களைப்படைந்து கிழியும் பாகம். துடிக்கும் வால்வில் அது மாதக்கணக்கில்கூட நிற்காது. ஆகவே வெளியேற்றக் குழாய் நேராக வானத்தைப் பார்த்து இரண்டு மீட்டரில் முடிகிற இடத்தில் பெல்லோஸ் வாங்குவது வீண் செலவு.

நெருக்கமாக ஓட வேண்டுமா, பைலட்

பைலட் வால்வில் பெரிய ஸ்பிரிங் இல்லை. கலத்தின் அழுத்தமே ஒரு சிறு குழாய் வழியாக மேலே போய் பிஸ்டனைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. பிஸ்டனின் மேற்பரப்பு சீட்டை விடப் பெரியது, அதனால் அழுத்தம் ஏற ஏறப் பிடி இறுகுகிறது. ஸ்பிரிங் வால்வில் செட் நெருங்க நெருங்கப் பிடி தளரும். இங்கே நேர்மாறு. செட் வந்ததும் சிறிய பைலட் திறந்து மேலறையைக் காலி செய்கிறது, பிஸ்டன் எழும்புகிறது. 95 சதவீதத்தில், நல்ல பைலட்டாக இருந்தால் 98 சதவீதத்தில்கூட, கசிவில்லாமல் ஓட்டலாம். பின்னழுத்தமும் பெரிதாகப் பாதிக்காது. வால்வைக் கழற்றாமலே நைட்ரஜன் சிலிண்டர் வைத்து பைலட்டின் செட்டைச் சோதிக்கலாம். பெரிய அளவுகளில் எடையும் உயரமும் ஸ்பிரிங் வால்வை விடக் குறைவு.

அப்படியானால் எல்லா இடத்திலும் இதையே போடலாமே என்றால், இரண்டாவது கேள்வி குறுக்கே நிற்கும். பைலட்டுக்குப் போகும் குழாய் பென்சில் தடிமன். மெழுகு, பாலிமர், தார், உப்புப் படிவு, உறையும் ஈரம் எதுவானாலும் அதை அடைக்கும். அடைந்த இடத்தைப் பொறுத்து வால்வு திறக்காமல் போகலாம், அல்லது மூடாமல் போகலாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களுக்கு வெப்ப எல்லை உண்டு. விட்டான் என்றால் சுமார் 200 டிகிரி. கலத்தில் வெற்றிடம் வந்து வெளிப்பக்கம் அழுத்தம் கூடினால் பிஸ்டன் தானாக எழும்பி ஹெட்டரில் இருப்பது கலத்துக்குள் திரும்பும். ஆகவே பின்னோட்டத் தடுப்பானைச் சேர்த்து ஆர்டர் செய்ய வேண்டும். சுத்தமான வாயு, பெரிய கொள்ளளவு, குறுகிய இடைவெளி: இயற்கை எரிவாயுக் குழாய், கம்ப்ரசர் வெளியேற்றம், எல்என்ஜி தொட்டி. இவைதான் பைலட்டின் ஊர்.

பைலட்டால் இயங்கும் வால்வின் பெயரைக் கெடுத்த நிகழ்ச்சி 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் நடந்தது. உலை நீரின் அழுத்தத்தைக் காக்கும் பிரஷரைசர் கலத்தின் மேலிருந்த பைலட் ரிலீஃப் வால்வு திறந்தது, பிறகு மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வின் நிலையைக் காட்டவில்லை. மூடச் சொல்லும் மின் கட்டளை போயிற்று என்பதை மட்டும் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது, உலையின் மையம் பாதியளவு உருகியது. பைலட் வாங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பிஸ்டனின் இடத்தையே நேரடியாக உணரும் பொசிஷன் ஸ்விட்ச்.

ரப்ச்சர் டிஸ்க்: ஒரே தடவை

அசையும் பாகமே இல்லாத மெல்லிய உலோகத் தகடு. குறித்த அழுத்தத்தில் கிழிந்து முழு வழியையும் திறந்துவிடும். கசிவு என்ற பேச்சே இல்லை. மில்லி செகண்டுகளில் திறக்கும். வேதி வினை கட்டுமீறும் ரியாக்டரில் அழுத்தம் ஏறும் வேகத்துக்கு ஸ்பிரிங் ஈடுகொடுக்காத இடத்தில் இதுதான் நிற்கும். விலையும் குறைவு.

ஆனால் கிழிந்தால் மூடாது. கலத்தில் இருப்பதெல்லாம் வெளியே போகும், ஆலை நிற்கும். கிழியும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும், ஆகவே எந்த வெப்பநிலையில் எந்த அழுத்தம் என்று இரண்டையும் ஆர்டரில் எழுத வேண்டும். பழைய வகை முன்வளைந்த சாதாரண டிஸ்க்கை 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டினால் உலோகம் களைத்து ஒருநாள் காரணமில்லாமல் கிழியும். பின்வளைந்த (புடைப்பு அழுத்தத்தை நோக்கி இருக்கும்) வகையை 90 வரை ஓட்டலாம். அந்தப் பின்வளைந்த டிஸ்க்கைத் தலைகீழாக மாட்டினால் குறித்த அழுத்தத்தில் கிழியாது, எங்கேயோ மேலே போய்த்தான் கிழியும். தகட்டின் அம்புக்குறியைப் பார்ப்பதும், ஹோல்டர் போல்ட்டுகளைச் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குவதும் அலங்காரத்துக்குச் சொன்னவை அல்ல. விரல் நகத்தால் கவிந்த பகுதியில் ஒரு பள்ளம் விழுந்தாலே அந்த டிஸ்க்கைக் குப்பையில் போட வேண்டும்.

வீட்டுக் குக்கரிலும் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. வெயிட் திரும்பத் திரும்பத் தூக்கி மூடும். அது அடைத்துக்கொண்டால் உருகும் பிளக் ஒரே தடவை போய் உயிரைக் காக்கும். ஆலையிலும் வால்வையும் டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்: சிறு ஏற்றங்களுக்கு வால்வு, பேராபத்துக்குச் சற்றே உயர்ந்த அழுத்தத்தில் டிஸ்க்.

இன்னொரு முறை, வால்வுக்குக் கீழே டிஸ்க்கை வைப்பது. ஒட்டும், அரிக்கும், விலையுயர்ந்த பொருளுக்கு இது அருமையான தீர்வு. டிஸ்க் வால்வைச் சுத்தமாக வைத்திருக்கும். வால்வின் சீட்டுக்கு விலைமிக்க உலோகம் தேவைப்படாது. கிழிந்தாலும் மேலே இருக்கும் வால்வு மூடிக்கொள்ளும். சேர்த்துச் சோதித்த சான்று இல்லாவிட்டால் வால்வின் கொள்ளளவில் 90 சதவீதம்தான் கணக்கில் எடுக்கலாம். துண்டு துண்டாக உடையும் டிஸ்க்கை வால்வுக்குக் கீழே போடக் கூடாது, துண்டு நாஸிலில் போய்ச் சிக்கும்.

இந்த ஜோடியில் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க்குக்குத் தெரிவது இரண்டு பக்க அழுத்தங்களின் வித்தியாசம் மட்டும். 10 பார் டிஸ்க்கில் ஊசித்துளை ஒன்று விழுந்து, டிஸ்க்குக்கும் வால்வுக்கும் நடுவே மெல்ல மெல்ல 4 பார் சேர்ந்துவிட்டது என்றால், கீழே 14 பார் வந்தால்தான் டிஸ்க் கிழியும். அதனால்தான் நடுவில் பிரஷர் கேஜும் மெல்லக் கசியவிடும் வால்வும் வைக்கச் சொல்கிறார்கள். கேஜ் வைத்தால் மட்டும் போதாது. ஷிஃப்ட் லாக் ஷீட்டில் அந்த கேஜுக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதில் பூஜ்யம் அல்லாத எதைக் கண்டாலும் டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

டிஸ்க்கின் அளவைப் பற்றி ஒன்று. ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் ஆலையில் 2007 டிசம்பர் 19 அன்று ரியாக்டர் கட்டுமீறி வெடித்து 4 பேர் இறந்தார்கள். ரியாக்டரில் 400 பிஎஸ்ஐ டிஸ்க்கோடு 4 இன்ச் வென்ட் இருந்தது. கட்டுமீறிய வினைக்கு அந்த வழி போதவில்லை. கொதித்துப் பொங்கும் திரவமும் வாயுவும் சேர்ந்து வரும்போது, வெறும் ஆவிக்குப் போட்ட கணக்கு பல மடங்கு குறைவாக இருக்கும். இந்த இடத்தில் கைக்கணக்கை விட்டுவிட்டு, வினையை ஆய்வகக் கலோரிமீட்டரில் ஓட்டிப் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும்.

இடம் வாரியாக எங்கள் தேர்வு

பாய்லர், நீராவிக் குறைப்பு நிலையம், காற்று ரிசீவர்: லீவர் வைத்த சாதாரண ஸ்பிரிங் வால்வு. வேறெதுவும் தேவையில்லை.

ஐஸ் கம்பெனி, மீன் பதனிடும் கூடம் ஆகியவற்றின் அம்மோனியா ரிசீவர்: ஒரு மூவழி வால்வின் மேல் இரண்டு ஸ்பிரிங் வால்வுகள். ஒன்றைக் கழற்றிச் சோதிக்கும்போது மற்றது காவலில் நிற்கும். அம்மோனியா என்றால் பித்தளையும் செம்பும் உள்ள வால்வு கூடாது, விட்டான் வளையமும் கூடாது, நியோப்ரீன் கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுவது இந்தத் தொழிலில் நிலைத்த பழக்கம். வெளியேற்றக் குழாயை ஆள் நடமாடும் இடத்திலும் ஜன்னல் பக்கத்திலும் விடக் கூடாது. குளிர்பதன அமைப்புகளுக்கான ஆஷ்ரே 15 பாதுகாப்பு விதி பொதுவாகத் தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரமும், கட்டடத் திறப்புகளிலிருந்து 6.1 மீட்டர் தூரமும் கேட்கிறது.

ரெசின், பசை, பாலிமர் ரியாக்டர்: பின்வளைந்த டிஸ்க், அதன் மேல் ஸ்பிரிங் வால்வு. டிஸ்க்கைக் கலத்தின் மூடியை ஒட்டியே உட்கார வையுங்கள். அரை மீட்டர் ஸ்டப் குழாயின் மேல் வைத்தால் குழாய்க்குள்ளேயே ரெசின் இறுகி அடைத்துக்கொள்ளும், டிஸ்க் புத்தம் புதிதாக மேலே இருக்கும்.

இருபுறமும் மூடக்கூடிய தண்ணீர் லைன்: 30 டிகிரியில் சிறைப்பட்ட தண்ணீர் ஒரு டிகிரி சூடானாலே, குழாய் அசையாததென்று கொண்டால் 6 பாருக்கு மேல் ஏறும். குழாய் கொஞ்சம் விரிந்துகொடுக்கும், அப்படியும் வெயிலில் ஒரு மதியம் போதும். ஆனால் வெளியேற வேண்டியது சில சொட்டுகள். முக்கால் இன்ச் நுழைவு, ஒரு இன்ச் வெளியேற்றம் கொண்ட சிறிய தெர்மல் ரிலீஃப் வால்வு தாராளம்.

எல்பிஜி புல்லட் (படுத்த உருளைத் தொட்டி) கொஞ்சம் நின்று பேச வேண்டியது. இங்கே அளவைத் தீர்மானிப்பது தீ. திரவம் தொடும் பரப்பு 50 சதுர மீட்டர், வடிகாலும் தீயணைப்பு வசதியும் உண்டு, தொட்டிக்கு வெப்பக் காப்பு இல்லை என்றால், ஏபிஐ 521 சூத்திரப்படி உள்ளே போகும் வெப்பம் 43.2 × 50 இன் 0.82 அடுக்கு, அதாவது சுமார் 1070 கிலோவாட். ப்ரோபேனாக இருந்தால் மணிக்குச் சுமார் 13 முதல் 15 டன் ஆவி. ஸ்பிரிங் வால்வு போதும். பெரிய தொட்டிகளில் பைலட் லாபம், பொருள் சுத்தமானது. இரண்டு வால்வுகள் போட்டு ஒன்றைக் கழற்றினாலும் மற்றது முழுக் கொள்ளளவையும் தாங்கும்படி பாருங்கள்.

எந்த வால்வை வாங்கினாலும் புல்லட்டுக்கு அது மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி ஃபிரான்ஸின் ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலை. 1966 ஜனவரி 4 அன்று தீயில் சிக்கிய ப்ரோபேன் கோளத்தின் ரிலீஃப் வால்வு திறந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கோளம் வெடித்தது, 18 பேர் இறந்தார்கள். திரவ மட்டத்துக்கு மேலே இருக்கும் தகட்டைக் குளிர்விக்க உள்ளே ஒன்றுமில்லை. எஃகு சூட்டில் வலுவிழந்து, அழுத்தம் எல்லைக்குள் இருக்கும்போதே கிழிந்துவிடும். நீர்த் தெளிப்பான் அந்தத் தகட்டுக்காக.

சரியான வால்வைக் கெடுக்கும் குழாய் வேலை

கலத்திலிருந்து வால்வு வரை உள்ள நுழைவுக் குழாயில், முழுப் பாய்ச்சலின்போது அழுத்த இழப்பு செட்டில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம் 5 பார் வால்வுக்கு 0.15 பார். ஒன்றரை இன்ச் நுழைவுள்ள வால்வை ஒரு இன்ச் குழாயில் ரெட்யூசர் போட்டு மாட்டினால் இந்த வரம்பு போய்விடும். வால்வு திறக்கும், குழாயில் அழுத்தம் சரியும், வால்வு மூடும், அழுத்தம் மீளும், மறுபடி திறக்கும். வினாடிக்குப் பல தடவை. சீட் நொறுங்கும், போல்ட் தளரும், கொள்ளளவும் பாதிதான் கிடைக்கும். ஸ்பிரிங் வால்வில் இந்தத் துடிப்பைப் பார்த்துவிட்டு 'வால்வு மோசம்' என்று கம்பெனியை மாற்றுகிறவர்கள் உண்டு. புது வால்வும் அதே குழாயில் அதே மாதிரி துடிக்கும்.

நீராவி வெளியேற்றக் குழாயின் அடியில் நீர் வடியும் துளை வேண்டும். இல்லாவிட்டால் மழைநீரும் குளிர்ந்த நீராவியும் டிஸ்க்கின் மேல் குளம் கட்டும். திறக்கும் நொடியில் அந்தத் தண்ணீர் பீரங்கிக் குண்டு போலக் குழாய் வழியே போகும். குழாயின் எடையை வால்வின் ஃபிளாஞ்ச் சுமக்கக் கூடாது, தனி தாங்கி கொடுங்கள். வால்வுக்கு முன் ஐசொலேஷன் வால்வு அனுமதிக்கப்பட்ட இடங்களில் அது திறந்த நிலையில் சங்கிலிப் பூட்டு போட்டிருக்க வேண்டும். ஹைட்ரோ டெஸ்ட்டுக்காக (நீரழுத்தச் சோதனைக்காக) ஸ்பிண்டில் மேல் இறுக்கிய கேக் (வால்வு திறக்காமல் பிடிக்கும் திருகு) கழற்றப்படாமல் பல மாதம் கிடப்பதும் நடக்கிறது. கேக்கில் சிவப்புத் துணி கட்டி, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

கடைசியில் வெளியே போவது எங்கே போகிறது? 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் கோபுரத்தின் மூன்று ரிலீஃப் வால்வுகளும் திறந்தன. வால்வுகளில் குறையில்லை. வெளிவந்த எரிதிரவம் திறந்த புகைபோக்கியோடு நின்ற ப்ளோடவுன் டிரம்முக்குப் போய், அங்கிருந்து தரையில் கொட்டி, ஆவியாகித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள். நீராவி, காற்று தவிர வேறெந்தப் பொருளுக்கும் 'வானத்தில் விட்டுவிடலாம்' என்று வால்வு வாங்குவதற்கு முன்பே எழுதிவிடாதீர்கள். ஃபிளேருக்கோ ஸ்கிரப்பருக்கோ போக வேண்டுமானால் பின்னழுத்தம் வரும். பின்னழுத்தம் வந்தால் சாதாரண ஸ்பிரிங் பட்டியலிலிருந்து விலகும்.

சோதனை பெஞ்சில்

கழற்றி வந்த வால்வைச் சுத்தம் செய்யாமல், அழுக்கோடு அப்படியே பெஞ்சில் ஏற்றி முதல் பாப் எத்தனை பாரில் வந்தது என்று எழுதுங்கள். 5 பாருக்கு மேல் செட் உள்ள வால்வில் 3 சதவீதம் கூடக் குறைய அனுமதி. 10 பார் வால்வு முதல் தடவை 10.2 இல் திறந்தால் இப்போதைய சோதனை இடைவெளி சரி. 12 இல் திறந்து, இரண்டாம் தடவை 10 இல் திறந்தால், சீட் ஒட்டியிருந்தது என்று பொருள். லைனில் அது பல மாதம் 12 பார் வால்வாகத்தான் உட்கார்ந்திருந்தது. அடுத்த சோதனைக்கான காலத்தைப் பாதியாக்க வேண்டும், கீழே ஒரு ரப்ச்சர் டிஸ்க் போடலாமா என்றும் பார்க்க வேண்டும். பிறகு கசிவுச் சோதனை: செட்டில் 90 சதவீதக் காற்றில் வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து வரும் குழாயை நீரில் அரை இன்ச் ஆழம் மூழ்க வைத்துக் குமிழிகளை எண்ண வேண்டும். ஏபிஐ 527 படி, சாதாரண அழுத்தங்களில், உலோக சீட் 'எஃப்' துளை வரை நிமிடத்துக்கு 40, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 20. ரப்பர் சீட் என்றால் ஒன்றுகூட வரக் கூடாது. முதல் பாப்பை எழுதாமல் வால்வைப் பிரித்துத் துடைத்துவிட்டால், லைனில் அது எந்த அழுத்தத்தில் திறந்திருக்கும் என்பதைப் பிறகு எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது.